முதல் ஈசிஜியோடு முடித்துவிடாதே

திருகோணமலை
சனி இரவு

அன்பு மகள்,

நெஞ்சு நோவோடு வந்தவரின் முதல் ஈசிஜி சுத்தமாக இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பலாமா என்று போனில் நீ கேட்டதற்கு "அனுப்பாதே" என்று மட்டும் சொன்னேன். காரணத்தை எழுதுகிறேன்.

முதல் ஈசிஜி சுத்தமாக இருப்பதால் மாரடைப்பு இல்லை என்றாகாது. நோ நிற்கவில்லையென்றால் 15 நிமிடத்துக்கு ஒருதரம் திரும்ப எடு. இதயத்தசை அடிபட்டால் இரத்தத்தில் ஏறும் ட்ரொபோனினும் அப்படித்தான். நோ தொடங்கி 3 மணித்தியாலத்துக்குள் எடுத்தது நெகட்டிவ் என்றால் இன்னொன்று எடுக்காமல் முடிவு சொல்லாதே.

கச்சான் அடிக்கிற இந்த மாதங்களில் வேர்வையும் களைப்பும் எல்லோருக்கும் உண்டு. "வெயில்தான் டொக்டர், காஸ்ட்ரைட்டிஸ்" என்று நோயாளியே வருத்தத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டு வருவார். சீனி வருத்தக்காரருக்கும் வயதான அம்மாமாருக்கும் நெஞ்சு நோவே இல்லாமல் மேல்வயிற்றில் பாரம், மூச்சு வாங்கல், குளிர்ந்த வேர்வை என்று மட்டும் வரும். வயிற்று அமிலத்துக்கான அன்டாசிட் குடித்து நோ குறைந்துவிட்டது என்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சாட்சியே அல்ல.

நோயாளி வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். எடுக்கும்போது பக்கத்தில் நில். அரைவாசிப் பிழை வயர்களை ஒட்டுவதில்தான். நெஞ்செலும்பில் மேலிருந்து விரலை இறக்கு, ஒரு மேடு தட்டுப்படும். அதற்கு நேரே இரண்டாவது விலா, அதன் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து இன்னும் இரண்டு இடைவெளி இறங்கினால் நெஞ்சு வயர்களில் முதல் இரண்டான வி1, வி2 ஒட்டும் இடம். அவசரத்தில் மேலேயே ஒட்டிவிடுவார்கள். மேல்நோக்கி எழும் கூரான ஆர் அலை சிறுத்து, இல்லாத பழைய மாரடைப்பைக் காட்டும். தாளில் லீட் 1 என்ற பதிவு தலைகீழாகவும் ஏவிஆர் என்ற பதிவு நிமிர்ந்தும் இருந்தால், முதலில் கை வயர்கள் மாறியிருக்கிறதா என்று பார்.

இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் லீட் 2, 3, ஏவிஎஃப்பில் எஸ்டி (கூரான அலைக்குப் பின்வரும் கோடு) உயர்ந்தால், இரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட்டை நாக்கின் கீழ் வைக்க ஓடாதே. வி4 வயரைக் கழற்றி வலப்பக்கம் அதே இடத்தில் ஒட்டி இன்னொன்று எடு. அங்கேயும் 1 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தால் இதயத்தின் வலது கீழறையும் அடிபட்டிருக்கிறது. அந்த இதயம் உள்ளே வரும் இரத்தத்தை நம்பித்தான் ஓடுகிறது. நைட்ரேட் கொடுத்தால் அந்த வரவு குறைந்து பிரஷர் அப்படியே விழும். சுவாசப்பை சுத்தமென்றால் சேலைன் 250 மில்லிலீற்றர் கொடுத்துப் பார்.

அஸ்பிரின் 300 மில்லிகிராம், விழுங்காமல் சப்பவேண்டும். அதேபோல இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் குளோபிடோகிரல் 300; 75 வயதைத் தாண்டியவருக்கு இரத்தக்கட்டி கரைக்கிற ஊசியும் போடுவதென்றால் 75 போதும். 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த குழாயைப் பலூனால் திறப்பது) செய்யும் இடத்துக்குக் கொண்டுபோக முடியாதென்றால் ஊசியைத் தாமதிக்காதே. முன்பு மூளையில் இரத்தக்கசிவு வந்ததா, 6 மாதத்துக்குள் பாரிசவாதமா, அண்மையில் வயிற்றிலிருந்து இரத்தம் போனதா, நோ முதுகுக்குக் கிழித்துக்கொண்டு போகிறதா என்று முதலில் கேள். இரண்டு கையிலும் பிரஷர் வேறுபடுகிறதா பார். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசி ஆபத்து.

அந்த ஊசி ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 இலட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில். முன்பு போட்டவருக்குத் திரும்ப வேண்டாம். இடையில் பிரஷர் விழுந்தால் பதறாதே: ட்ரிப்பை நிறுத்து, காலை உயர்த்து, ஏறியதும் மெதுவாகத் தொடங்கு. பலர் அந்த இடத்தில் அடியோடு விட்டுவிடுவதுதான் தவறு. 90 நிமிடத்தில் எஸ்டி பாதியாவது இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

மற்றவை சுருக்கமாக. நாடி ஒழுங்கில்லாமல் ஓடினால் ஸ்டெதஸ்கோப்பிலும் எண்ணு, கையில் பிடித்தால் எண்ணிக்கை குறையும். வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கு அந்த ஓட்டம் இருந்தால் இரத்தம் உறையாமல் தடுக்கிற வார்பரின்தான், ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் வேகத்தின் அளவு) 2 முதல் 3; அதே வேலைக்கு வந்த புதுக் குளிசைகள் வேண்டாம். வார்பரின் எடுப்பவரிடம் வல்லாரையை நிறுத்தச் சொல்லாதே, ஐஎன்ஆர் ஏறி இறங்காமல் இருக்கத் தினமும் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல். இதயம் பலவீனமானவர் கால் வீங்கி வந்தால், மூட்டு நோவுக்கு, உடம்பில் நீரைத் தேக்கிவைக்கும் டைக்ளோஃபெனக் வாங்கிப் போட்டாரா என்று கேட்காமல் நீர் போக்கும் ஃபுரோசமைட்டைக் கூட்டாதே.

ஒவ்வொரு ஈசிஜியிலும் நேரத்தையும், அந்த நேரம் நோ இருந்ததா இல்லையா என்பதையும் பேனையால் எழுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று தாள் சேர்ந்து போனால், எது முதல் எடுத்தது என்று அங்குள்ளவருக்குத் தெரிய வேறு வழியில்லை.

அப்பா