நல்லவங்கன்னு பாத்தா குடுத்தாங்க?

டேய் கண்ணா,

பார்சல் வந்து சேந்துச்சா, ஊறுகாய் பாட்டில் கசிஞ்சிருந்தா சொல்லு, இந்த தடவை மூடில டேப் ஒட்ட மறந்துட்டேன்.

அன்னிக்கு போன்ல நீ சொன்னது மனசுல ஓடிட்டே இருக்கு. ரோமாபுரில நெர்வா, டிராஜன், ஹேட்ரியன், அன்டோனினஸ், மார்க்கஸ் அரேலியஸ்னு வரிசையா அஞ்சு நல்ல ராஜாங்க, யாரும் பையனுக்கு பட்டம் கட்டல, தகுதி பாத்து தத்தெடுத்தாங்க, நம்ம ஆளுங்களும் கத்துக்கணும்னு. முப்பது வருஷம் நானும் கிளாஸ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன், அதான் உறுத்துது. முதல் நாலு பேருக்கும் பட்டம் கட்ட பையனே இல்லடா!

நெர்வாவ எடுத்துக்கோ. கி.பி. 96ல அப்போ ராஜாவா இருந்த டொமிஷியன அரண்மனைக்குள்ளயே குத்திக் கொன்னாங்க, அன்னிக்கே செனட், அதாவது ரோமாபுரி பெரிய மனுஷங்க சபை, இவர தூக்கி உக்கார வச்சுது. அறுபதுக்கு மேல வயசு, புள்ளகுட்டி கிடையாது, ரொம்ப நாள் இருக்க மாட்டார்ங்கிறதுதான் மெயின் தகுதின்னு எனக்கு தோணுது. அடுத்த வருஷமே ராஜாவோட காவல்படையே அரண்மனைய வளைச்சுக்கிட்டு, டொமிஷியன கொன்னவங்கள குடுன்னு இவர் கண்ணு முன்னாடியே வாங்கிட்டுப் போய் கொன்னானுங்க. அப்புறம்தான் ஜெர்மனி எல்லைல படையோட இருந்த டிராஜன தத்தெடுத்தார். பயந்துபோன கிழவர் பட்டாளத்துக்காரன் ஒருத்தன வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்த கதை இது. ஆனா ஆள் அமைஞ்சது நல்ல ஆள், அத மறுக்கல.

98 ஜனவரில நெர்வா செத்தப்போ டிராஜன் இருந்தது நீ இப்போ இருக்குற ஊர்லதான், ஜெர்மனி கொலோன்ல. தகவல் கொண்டு போனது டிராஜனோட சொந்தக்காரப் பையன் ஹேட்ரியன். கூடப்பொறந்தவளோட புருஷனே இவன் முந்திடக் கூடாதுன்னு வண்டிய உடைச்சு விட, மிச்ச தூரத்த நடந்தே போய் முதல்ல சொன்னானாம். குடும்ப பாலிடிக்ஸ் எங்க இல்ல சொல்லு.

எனக்கு இதுல பிடிச்ச ஆளு பிளோட்டினா, டிராஜன் பொண்டாட்டி. 117ல டிராஜன் போர்லேந்து திரும்புற வழில சிலிசியால, இப்போ துருக்கிக்கு தெக்குப் பக்கம், சீக்குல செத்தார். சாகற நேரத்துல ஹேட்ரியன தத்தெடுத்துட்டார்னு செனட்டுக்கு லெட்டர் போகுது, கையெழுத்து யாருது? பிளோட்டினாது! ராஜா செத்தத கொஞ்ச நாள் மறைச்சாங்க, வேற ஒருத்தன படுக்க வச்சு ஈனக் குரல்ல பேச வச்சாங்கன்னெல்லாம் பழைய புத்தகங்கள்ல இருக்கு. நிஜமோ பொய்யோ, ஹேட்ரியன் பட்டத்துக்கு வந்த சீக்கிரத்துலயே பெரிய பதவில இருந்த நாலு பேர் கொல்லப்பட்டாங்க. நல்ல ராஜா லிஸ்ட்ல ஹேட்ரியனும் இருக்கார், பாத்துக்கோ.

அவர் முதல்ல தத்தெடுத்த ஆள் நோயாளி, 138 ஜனவரி 1ல போய்ட்டான். சாயுற சுவத்துல போய் சாஞ்சுட்டேன்னு பொலம்பினாராம் பாவம். அடுத்து அன்டோனினஸ், அதுவும் கண்டிஷனோட, நீ இந்த மார்க்கஸையும், செத்தவனோட பையன் லூசியஸையும் தத்தெடுக்கணும்னு. மார்க்கஸுக்கு 16, லூசியஸுக்கு 7. அன்டோனினஸ் டைம் கேட்டு யோசிச்சுத்தான் ஒத்துக்கிட்டாராம், 23 வருஷம் சத்தமில்லாம ஆண்டு கஜானாவையும் நிறைச்சு வச்சுட்டுப் போனார், அஞ்சு பேர்ல என் ஓட்டு இவருக்குத்தான். இவர் சம்சாரம் மார்க்கஸோட சொந்த அத்தை, இவர் பொண்ணத்தான் மார்க்கஸ் கட்டினார். அத்தை மகளடா! நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகைல பாக்குற முறைதானே, இதுல தகுதி எங்க வந்துச்சு?

மார்க்கஸ் 161ல உக்காந்ததும் நான் தனியா ஏற மாட்டேன், லூசியஸும் வரணும்னு பிடிவாதமா கூட சேத்துக்கிட்டார், அது பெரிய மனசுதான். ஆனா புள்ளைங்க நெறைய பொறந்து நெறைய செத்து ஒரு பையன் தங்கினான், கொமோடஸ். 177ல அவன கூட உக்கார வச்சுட்டார். அவ்வளவு படிச்ச மனுஷன், எழுதி எழுதி மனச அடக்கினவர், பெத்த புள்ளன்னதும் கை அங்கதான் போச்சு. அந்தப் புள்ள 192 கடைசி நாள்ல கழுத்த நெரிச்சு கொல்லப்பட்டான், அடுத்த வருஷம் காவல்படை ராஜா பதவியவே ஏலம் விட்டுச்சு.

மார்க்கஸ திட்ட முடியலடா. வேற யாருக்காவது குடுத்திருந்தா கொமோடஸ உயிரோட விட்டிருப்பாங்களா? அந்த அப்பனும் இத யோசிச்சிருப்பாருன்னுதான் தோணுது.

ஞாயித்துக்கிழமை லீவுதானே, கதீட்ரல் பக்கத்துல ரோமானியர் கட்டின வாசல் வளைவு ஒண்ணு நிக்குதாம், போட்டோ எடுத்து அனுப்பு. குல்லா போட்டுட்டுப் போ, போன தடவை மாதிரி இருமிக்கிட்டு போன் பண்ணாத.

அம்மா