ஆண்டறிக்கை: ஆஸ்துமா உள்ள உறுப்பினர்களின் நடைத்திறன் அளவீடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நடைப்பயிற்சியாளர் சங்கத்தில் ஆஸ்துமா உள்ளவர்கள் எவ்வளவு நடக்கலாம் என்பதை அவரவர் துணிச்சலுக்கு விட்டுவிடாமல் அளந்து பார்த்தே முடிவு செய்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இந்த ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே சென்றது.

முதலில், ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் ஆறு நிமிட நடைச் சோதனையை எடுத்துக்கொண்டோம். அமெரிக்க மார்பு நோயியல் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதற்கு 30 மீட்டர் சமதளப் பாதையைக் கேட்கிறது. நம் அலுவலகத் தாழ்வாரம் அதில் பாதிகூட இல்லை. அடிக்கடி திரும்ப நேர்ந்தால் கடக்கும் தூரம் குறையும் என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்ததால், பள்ளி ஒன்றின் வராந்தாவைக் கேட்டு வாங்கினோம். இன்ஹேலரைக் கையோடு கொண்டுவராதவர்களை நடக்க விடவில்லை. இதில் சிலருக்கு வருத்தம் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியரான உறுப்பினர் ஒருவர் சிரமமின்றி நடந்து முடித்தார். இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 97 சதவீதம் காட்டியது. மூச்சுத்திணறலை 0 முதல் 10 வரை மதிப்பிடும் போர்க் (Borg) அளவுகோலில் 1, அதாவது மிக லேசானது, என்றார். அனைவரும் கைதட்டினோம். அவருக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் நெஞ்சு இறுகி, மூச்சில் விசில் சத்தம் கேட்டது. இன்ஹேலர் எடுத்த பிறகே தணிந்தது.

உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் பெரும்பாலும் நடை நின்ற பின், 5 முதல் 15 நிமிடங்களுக்குள்தான் உச்சத்தைத் தொடும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம். ஆறு நிமிட நடை தூரத்தைச் சொல்லும். இந்தச் சுருக்கத்தைச் சொல்லாது. அதை உறுதிசெய்ய, மருத்துவர் முன்னிலையில் டிரெட்மில்லிலோ சைக்கிளிலோ 6 முதல் 8 நிமிடம், இதயத் துடிப்பு உச்ச அளவில் 80 முதல் 90 சதவீதத்தை எட்டும்படி பயிற்சி செய்யவைத்து, அதன்பின் அரைமணி நேரம் வரை வெளிவிடும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்கிறார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் சுருக்கம் என்று கொள்கிறார்கள். இது சங்கம் செய்யக்கூடிய காரியமன்று. ஆசிரியரை மருத்துவரிடம் அனுப்பினோம்.

நம்மால் இயன்றது, நடைக்கு முன்பும் முடிந்த 5, 10, 15ஆம் நிமிடங்களிலும் ஊதும் மூச்சின் உச்ச வேகத்தைக் காட்டும் கையடக்கக் கருவியான பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதவைத்துக் குறித்துக்கொள்வது. தொடக்கத்தில் வந்தவர்களிடம் அன்று காலை இன்ஹேலர் எடுத்தீர்களா என்று கேட்காமல் விட்டது என் தவறு. எடுத்துவிட்டு வந்தால் சுருக்கம் மறைந்துகொள்ளும். எனவே அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, படிவத்தில் அதற்கெனத் தனிக் கட்டம் சேர்த்திருக்கிறோம்.

மார்கழிக் குளிரில் மறுசுற்று நடத்த உத்தேசம். அதற்கு மேலும் இரண்டு பீக் ஃப்ளோ மீட்டர்கள் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்