கரையைப் பத்தி எழுதுனீங்க, ஆத்தைப் பத்தி எழுதலையே சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல சென்னை ஆத்தங்கரைகளை அழகுபடுத்துறதப் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். அகமதாபாத்ல சபர்மதி ஆத்துக்கு செஞ்ச மாதிரி இங்கயும் ஒரு அரசு கம்பெனி கையில எல்லாத்தையும் குடுத்துட்டா கூவமும் அடையாறும் மாறிடும்னு எழுதியிருந்தாங்க. இருக்கட்டும், அது அவங்க கருத்து. ஆனா நடுவுல ஒரு வரி, கரையில இருந்த ஆக்கிரமிப்பெல்லாம் எடுத்ததும் கூவம் மூச்சு விட ஆரம்பிச்சிடுச்சுன்னு. அந்த வரியை எப்படி சார் போட்டீங்க? உங்க பத்திரிகையை எங்க நைனா காலத்துலேர்ந்து வாங்குற வீடு எங்க வீடு, அந்த உரிமையில கேக்குறேன்.

நான் பொறந்து வளந்தது சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கூவம் கரையில. இப்ப இருக்கறது பெரும்பாக்கத்துல, எட்டு மாடி பிளாக்ல. நீங்க எழுதுன அந்த ஆக்கிரமிப்பு நாங்கதான்.

எங்களை எடுத்தாச்சு. 2015ல 604 கோடி ரூபாய்னு சொல்லி கூவம் சீரமைப்புத் திட்டம் வந்துச்சு, பருத்திப்பட்டு அணைக்கட்டுலேர்ந்து முகத்துவாரம் வரைக்கும் 32 கிலோமீட்டர், கரையில இருந்த 14,000 குடும்பத்துக்கு மேல வேற இடத்துக்கு அனுப்பணும்னு அதுலயே இருந்துச்சு. அனுப்பவும் அனுப்புனாங்க. இப்ப நீங்களே ஒரு நாள் காலையில அண்ணா சாலை பக்கம் கூவம் பாலத்து மேல நின்னு பாருங்க, தண்ணி கருப்பாத்தான் ஓடுது, ஓடுதுன்னு கூட சொல்ல முடியாது, நிக்குது. நாங்க போயும் ஏன் சார் நாத்தம் போகல? எங்க தெருவுல பாதி வீட்டுக்கு கக்கூஸே கெடையாது, பொதுக் கழிப்பறைதான், அந்தத் தண்ணியா இவ்வளவு பெரிய ஆத்தை இப்படி ஆக்குச்சு? ஊர் பூரா மாடி வீடு, ஓட்டல், ஆஸ்பத்திரின்னு எல்லாத்தோட கழிவும் மழைநீர் வடிகால்ல கள்ளத்தனமா சேந்து வந்து விழுற குழாய்ங்களைப் பாத்துக்கிட்டே வளந்தவ நான். அந்தக் குழாய் வாயெல்லாம் எங்க வீட்டு வாசலுக்கு எதிர்லதான் இருந்துச்சு. எங்க குடிசையைப் பொக்லைன் வெச்சு இடிச்ச அன்னிக்கும் அதுலேர்ந்து தண்ணி கொட்டிக்கிட்டேதான் இருந்துச்சு.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, கூவத்துக்கு நல்ல தண்ணியே வர்றதில்ல. மேல கேசாவரம் அணைக்கட்டுல ஆரம்பிச்சு வர்ற ஆறு, ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டுல மடக்கி செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பிடுறாங்க. ஊருக்குக் குடிக்கத் தண்ணி வேணும், அதை நான் தப்புன்னு சொல்லல. கீழ, துறைமுகம் கட்டுன நாள்லேர்ந்து மணல் ஒதுங்கி ஒதுங்கி நேப்பியர் பாலத்துக்கிட்ட வாய் அடைச்சுக்குது, கடல் தண்ணியும் உள்ள வராது. மேலயும் இல்ல கீழயும் இல்ல, நடுவுல சாக்கடை மட்டும் வந்தா அது எப்படி ஆறா இருக்கும்? இதுல எங்க குடிசை எங்க சார் வருது?

ஆத்துக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு எழுதுங்களேன். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளயே தூண் போட்டு பறக்கும் ரயில் விட்டாங்க. அடையாறு மேலயே ஏர்போர்ட் ரன்வே போகுது. துறைமுகம் மதுரவாயல் மேம்பாலம் 2009ல ஆரம்பிச்சு, கூவத்துக்குள்ள தூண் வருதுன்னு சொல்லி 2012ல நிறுத்தி, பத்து வருசம் அந்தத் தூணுங்க ஆத்துலயே நின்னுச்சு, அப்புறம் 2022ல திரும்ப அடிக்கல் நாட்டி இப்ப ரெண்டடுக்கா கட்டுறாங்க. ஒரு கையில ஆத்தை சுத்தம் பண்றோம்னு சொல்லி குடிசையை எடுக்குறது, இன்னொரு கையில அதே ஆத்துல தூண் எறக்குறது. அதுக்குப் பேரு வளர்ச்சியாம். எங்க ஆயா வெச்சிருந்த தகரக் கொட்டாய்க்கு மட்டும் வேற பேரு.

சபர்மதி விசயத்துக்கு வரேன். 1997லயே அங்க மாநகராட்சி தனி கம்பெனி ஆரம்பிச்சிடுச்சு, 2005லேர்ந்து வேலை, ரெண்டு பக்கமும் பதினோரு கிலோமீட்டருக்கு மேல சுவர், நடைபாதை. எல்லாம் பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா அங்க நிக்கிற தண்ணி சபர்மதி தண்ணி இல்ல, நர்மதா கால்வாய்லேர்ந்து விட்டது, வாஸ்னா தடுப்பணை போட்டு தேக்கி வெச்சிருக்காங்க. தடுப்பணைக்குக் கீழ அதே ஆத்துல சாக்கடையும் பேக்டரி கழிவும் ஓடுதுன்னு 2021ல குஜராத் ஹைகோர்ட்டே தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு. ஆத்தை ஒடுக்கி எடுத்த நிலம் 200 ஹெக்டேர் கிட்ட, அதுல ஒரு பகுதியை வித்து செலவை எடுக்கணும்ங்கறதுதான் கணக்கு. அங்கயும் கரையில இருந்த ஆயிரக்கணக்கான குடும்பத்தை எடுத்தாங்க, அதுல நிறைய பேரை ஊர் கோடியில பிப்ளஜ்ல கொண்டு போய் விட்டாங்க. உங்க கட்டுரையில விளக்கு போட்ட பாலம் படம் இருந்துச்சு, பிப்ளஜ் இல்ல.

எல்லாரும் சிங்கப்பூரையும் சொல்லுவாங்க. அவங்க 1977லேர்ந்து 1987 வரைக்கும் பத்து வருசம் செஞ்சாங்க, அங்கயும் கரையில இருந்தவங்களை மாத்துனாங்கதான், ஆனா ஆத்துல எது வந்து விழுதோ அதையும் சேத்து நிறுத்துனாங்க. இங்க 1970கள்ல கூவத்துல படகு விட்டதை எங்க நைனா கதை கதையா சொல்லுவார். அதுக்கப்புறம் எத்தனை திட்டம், எத்தனை கமிட்டி. ஒவ்வொரு தடவையும் முதல்ல நடக்குறது எங்களை எடுக்குறது, கடைசியில நடக்காம போறது சாக்கடையை நிறுத்துறது.

எங்களை லாரியில ஏத்தி இங்க கொண்டு வந்தது பசங்களுக்கு அரைப் பரீட்சை நேரம். என் பொண்ணு அப்ப பத்தாவது. இங்கேர்ந்து பழைய ஸ்கூலுக்கு 25 கிலோமீட்டர் கிட்ட, விடியக்காலம் கெளம்பி ரெண்டு பஸ் மாறி போவா, தூங்கிக்கிட்டே பரீட்சை எழுதுனா. நாத்தனார் அங்க மூணு வீட்ல வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க, போக வர பஸ் காசும் நேரமும் கட்டுப்படி ஆகாம விட்டுட்டாங்க. வெள்ளத்துலேர்ந்து காப்பாத்தத்தான் கூட்டிட்டு வந்தோம்னு சொன்னாங்க, இது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டுன பள்ளமான எடம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப சுத்தி தண்ணி நின்னு, கரண்ட் இல்லாம, லிஃப்ட் இல்லாம, மேல் மாடியில மாமியாரை வெச்சுக்கிட்டு நாங்க பட்டது எங்களுக்குத்தான் தெரியும். அப்பவும் உங்க பத்திரிகையில வேளச்சேரி கார் மிதந்த படம் வந்துச்சு. வருத்தத்துலதான் சொல்றேன், குறையா எடுத்துக்காதீங்க.

ஆறு நல்லாயிருக்கணும்னு எங்களை விட ஆசைப்பட்டவங்க யாரும் இல்ல. அந்த நாத்தத்துல சோறு தின்னவங்க நாங்க. அதனால அரசு கம்பெனி வேணாம்னு நான் சொல்லல. கணக்கு காட்டுற கம்பெனியா இருந்தா தனியாருக்கு விடுறதை விட அது மேல்தான். ஆனா 2024 பட்ஜெட்ல அடையாறுக்கு 44 கிலோமீட்டர், 1,500 கோடி, தனியார் பங்களிப்போடன்னு சொன்னப்பவே எனக்கு பகீர்னுச்சு. போடுற காசைத் திரும்ப எடுக்கணும்னா பார்க் வரும், கடை வரும், கரையோர நிலத்துக்கு வெலை ஏறும். சாக்கடையை நிறுத்துனா யாருக்கும் லாபம் வராதே. அப்ப அதை யார் முதல்ல செய்வாங்க?

உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. இந்தத் திட்ட அறிக்கைங்க நான் பாத்த வரைக்கும் இங்கிலீஷ்லதான் இருக்கு. எந்த எந்த எடத்துல கழிவுநீர் ஆத்துல விழுது, அதை எப்ப அடைக்கப் போறாங்க, கரையில இன்னும் எந்தத் தெருவை எடுக்கப் போறாங்க, இந்த மூணை மட்டும் ஏரியா வாரியா தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க, டெண்டர் விடுறதுக்கு முன்னாடி போடுங்க. கரையில மிச்சம் இருக்கற எங்க சொந்தக்காரங்க லாரி வர்ற அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்ய முடியும்? கட்டுரை எழுதுனவங்க ஒரு நாள் இங்கயும் வந்தா நல்லாயிருக்கும், ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் வீட்ல இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
பெரும்பாக்கம், சென்னை.