ஸ்டார் பாட்டாவின் முற்றம்: இந்தக் கிறிஸ்துமஸுக்கும் குடில் எழ உங்கள் கை வேண்டும்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், வளைகுடா நாடுகளிலும் வேறு இடங்களிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வருஷாவருஷம் தன் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளோடு ஸ்டார் கட்டி, இயேசு பிறப்பைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடில் போட்ட ஸ்டார் பாட்டா நம்மை விட்டுப் பிரிந்து ஆறு மாதம் ஆகப் போகிறது. அவருடைய ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் பாதித் தெருவுக்கு யாரென்றே தெரியாது. ஸ்டார் பாட்டா என்றால் கைக்குழந்தைகூட அந்த வீட்டு முற்றத்தைக் கை காட்டும். பெயரும் படமும் போட்டு விளம்பரம் செய்ய வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அந்தப் பெயரே போதும்.

வெளியூரில் வளர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழா. கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்பதால் பள்ளிப் பிள்ளைகள் கையில் அகப்படும் நாள். பாட்டா காலையில் கோட்டாறு போய்க் கும்பிட்டுவிட்டு வருவார். மதியத்துக்கு மேல் முற்றத்தில் மூங்கில் சீலி (மெல்லிசாகப் பிளந்த குச்சி), சணல், வர்ணத்தாள், ஒரு சட்டி மைதாப் பசை எல்லாம் வந்துவிடும். ஒரு ஸ்டாருக்குப் பத்துச் சீலி. ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, முனைகளைச் சேர்த்து முடிந்து, நடுவில் ஐந்து முட்டுக்குச்சி கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். முட்டுக்குச்சியின் நீளம் சரியில்லாவிட்டால் ஸ்டார் கோணிக்கொள்ளும். கோணிய ஸ்டாரையும் பாட்டா தூக்கிப் போட்டதில்லை. "இது காத்துல போற ஸ்டாருலே மக்கா" என்று சொல்லி அதை முன்வாசலிலேயே கட்டுவார். செய்த பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாம் வாரத்தில் தட்டுகளில் கேழ்வரகும் கடுகும் விதைப்பார். இருபத்துநாலாம் தேதிக்குள் குடிலுக்குப் பச்சைப் புல் தயார். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார் என்று ஒரு மறையுரையில் கேட்டுவிட்டு, மறு வருஷமே பக்கத்து வீட்டு ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார் பாட்டா. பாதி பெத்லகேமை அது ஒரே இரவில் மேய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சுண்ணாம்பு ஆடுகள்தான்.

அவருடைய குடிலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதில் கடல் இருக்கும். உடைந்த கண்ணாடியும் நீலத்தாளும் விரித்து, கரையில் தன் பழைய வலையிலிருந்து வெட்டிய துண்டு, சிரட்டையில் செதுக்கிய வள்ளம், பக்கத்தில் தலைப்பாகை கட்டிய நாலு மீனவர். பெத்லகேமில் கடல் ஏது பாட்டா என்று ஒரு வாத்தியார் கேட்டதற்கு, "இடையன் ஆட்டோட வந்தான். நாம பாக்கப் போணும்னா வள்ளத்துலதான போவோம்?" என்றாராம். மூன்று அரசர்களை டிசம்பர் 25-லேயே உள்ளே விடமாட்டார். திண்ணையின் கோடியில் நிறுத்தி, தினமும் ஒரு சாண் நகர்த்தி, ஜனவரி 6-ஆம் தேதிதான் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இன்றைக்கு யார் நகர்த்துவது என்று பிள்ளைகள் போட்ட சண்டையைத் தீர்க்கப் பெரியவர்கள் வரவேண்டியிருந்தது.

2017 டிசம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தது. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிய படகுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் சீரியல் லைட் இல்லை, பாட்டு இல்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. பாட்டா குடில் மட்டும் போட்டார். சிரட்டை வள்ளங்களைக் கரையில் வைக்காமல் குடிலுக்குள்ளேயே, மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் வைத்தார். ஏன் என்று எவரும் அவரிடம் கேட்கவில்லை.

இப்போது செய்தி. பாட்டாவின் மகள் அந்த முற்றத்தைக் குடிலுக்காகவே விட்டுத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சாமான்கள்தான் கவலை. சுரூபங்கள், அதாவது குடிலில் வைக்கும் சிலைகள், இதுவரை அடுக்களைப் பரணில் கிடந்தன; உப்புக்காற்றில் வர்ணம் உரிந்து, சூசையப்பருக்கு ஒரு கையில்லை. வயர்களெல்லாம் துருவேறி ஒட்டுப் போட்டவை. அவர் இருந்தவரை எந்த வயரை எப்போது தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது, அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

ஆகவே முற்றத்தின் வடக்கு மூலையில் எட்டுக்குப் பத்தடியில் ஓடு போட்ட ஒரு சிறு அறை கட்ட 95,000 ரூபாய். டிசம்பரில் குடிலுக்குப் பின்சுவர், மற்ற மாதங்களில் சாமான் அறை. தனி மீட்டர், மின்கசிவு தடுப்பான், புது வயரிங் 28,000. சுரூபங்களைச் சீர்செய்து வர்ணம் பூச 22,000. பிள்ளைகளுக்கு ஸ்டார் கட்டக் கற்றுக்கொடுக்கும் பொருள்களுக்கு 15,000. மொத்தம் 1,60,000 ரூபாய். கைக்கு வந்திருப்பது 43,500.

சிலை வைக்கலாம், தெருமுனையில் வளைவு கட்டலாம் என்றும் கூட்டத்தில் பேச்சு வந்தது. வளைவு கட்டினால் கீழே நன்கொடையாளர் பெயர் எழுதவேண்டும், பிறகு யார் பெயர் மேலே என்று அடுத்த கூட்டம் போடவேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்தோம். பெயர்ப்பலகை, ஃபிளெக்ஸ் எதுவும் கிடையாது. 50 ரூபாய் கொடுத்தாலும் 5,000 கொடுத்தாலும் ரசீது ஒன்றுதான்.

பணம் முடியாதவர்கள் தயங்க வேண்டாம். கிழிந்த வலை, பழைய மிதவை, நல்ல சிரட்டை, மூங்கில் எதுவும் உதவும். கொத்து வேலையும் வயரிங்கும் தெரிந்தவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுத் தந்தால் அதுவே பெரிய தொகை. வர்ணத்தாளுக்கு எந்த வருஷமும் பாட்டாவிடம் காசு வாங்காத பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்கார பாய், இந்த வருஷத் தாளையும் ஏற்கெனவே கட்டி எடுத்து வைத்துவிட்டார்.

ரசீதுப் புத்தகம் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டார் கையில் கொடுத்தனுப்புங்கள். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஜிபே எண் அனுப்பினால் நம்பவேண்டாம். வரவுசெலவு ஒவ்வொரு ஞாயிறும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நவம்பர் 24, கோட்டாற்றில் கொடியேறும் நாளுக்குள் தொகை வந்தால் கூரை வேலை முடியும். டிசம்பர் 3 மதியம் மூன்று மணிக்கு ஸ்டார் கட்டு. பிள்ளைகளை அனுப்பும்போது கத்தரிக்கோல் கொடுத்தனுப்புங்கள், பசை நாங்கள் காய்ச்சுகிறோம்.

இப்படிக்கு,
குடில் பணிக்குழுவினர்