ஜார்ஜ் திரும்பி வராமலே இருந்திருந்தால்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து மாடி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். வீட்டில் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வளைய வருகிறாள். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. பெரியவள் திருப்பூரில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். பேரன் கிடார் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறான். வீட்டுச் சேதி இவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுக்க நீ கிளப்பிவிட்ட விஷயத்துக்கு.

1969 ஜனவரியில் கோபித்துக்கொண்டு போன கிடார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் திரும்பியே வராவிட்டாலும் பீட்டில்ஸ் குழு ஓடியிருக்கும், இன்னொரு கிடார் வித்வான் எரிக் கிளாப்டன் அந்த இடத்துக்கு வந்திருப்பார், பாட்டு எழுத லெனனும் மெக்கார்ட்னியும் இருக்கும்போது என்ன குறை என்று கேட்டிருக்கிறாய். ஹாஸ்டலில் இருந்தபோது ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய அந்தக் கேசட்டில், ஜார்ஜ் எழுதிய ‘சம்திங்’ பாட்டு வரும் இடத்தை ரீவைண்ட் செய்து செய்தே நாடாவை நைய வைத்தவன் நீ. நீயே இப்படி எழுதினால் நான் எப்படிச் சும்மா இருப்பது?

ஜார்ஜ் ஏன் போனார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மெக்கார்ட்னியோடு நடந்த வாய்த்தகராறு மட்டும் காரணம் இல்லை. 1968-இல் வந்த வெள்ளை அட்டை ஆல்பத்தில் 30 உருப்படிகள். அதில் ஜார்ஜுடையவை நான்கு. அதற்கு முன்னால் ஒரு ஆல்பத்துக்குப் பெரும்பாலும் இரண்டு பாட்டுதான் அவர் பங்கு. 1968 நவம்பரில் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் ஊருக்குப் போய் பாப் டிலனோடும் ‘தி பேண்ட்’ குழுவோடும் தங்கிவிட்டு வந்தார். பெரியவர் சின்னவர் பார்க்காமல் சேர்ந்து வாசிப்பவர்களை அங்கே பார்த்துவிட்டு, ஜனவரி 2-ஆம் தேதி, புதுப் பாட்டுகளின் ஒத்திகைக்காக லண்டன் ட்விக்கன்ஹாமுக்கு வந்து உட்காருகிறார். அது ஒலிப்பதிவுக் கூடம்கூட இல்லை, சினிமா ஷூட்டிங் நடக்கும் பெரிய தளம். குளிர்காலம், காலையிலேயே வேலை, சுற்றிலும் கேமரா. தன் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ பாட்டை அங்கே கொண்டுவந்து வைத்தார். பல தடவை வாசித்துப் பார்த்தார்கள், அப்புறம் அது அப்படியே கிடந்தது. இத்தனைக்கும் பிறகு, எந்த இடத்தில் எப்படி வாசிக்க வேண்டும் என்று மெக்கார்ட்னியின் பாடம் வேறு. 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கிளம்பிவிட்டார்.

மீதி மூன்று பேரும் சாப்பிட்டு வந்து காது கிழிய வாசித்தார்கள். ஜார்ஜ் உட்கார்ந்திருந்த நீல மெத்தையில் லெனனின் காதலி யோகோ உட்கார்ந்து மைக்கில் கத்தினார். செவ்வாய்க்குள் வராவிட்டால் கிளாப்டனைக் கூப்பிடலாம் என்று லெனன் சொன்னது அன்றைக்குத்தான். உன் வாதம் இந்த ஒரு பேச்சின் மேல்தான் நிற்கிறது.

கிளாப்டன் அப்போது சும்மாதான் இருந்தார், ஒப்புக்கொள்கிறேன். அவருடைய கிரீம் குழு 1968 நவம்பரில் கலைந்துவிட்டது. ஆனால் அவர் ஜார்ஜின் நெருங்கிய நண்பர். அதற்கு நாலு மாதம் முன்புதான், மற்றவர்கள் தன் பாட்டில் அக்கறை காட்டவில்லை என்று ஜார்ஜ் அவரை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் வாசிக்க வைத்தார். அந்த மனிதர் அதே நண்பனின் இடத்தில் போய் உட்காருவாரா? அப்படியே உட்கார்ந்தாலும், கிளாப்டன் மேடை கிடைத்தால் ராகத்தை விஸ்தாரமாகப் பாடுகிற வித்வான். ஜார்ஜ் பாட்டுக்கு என்ன தேவையோ அதை மட்டும் அளந்து வைப்பவர். ‘சம்திங்’ நடுவில் வரும் கிடார் பகுதியில் ஒரு ஸ்வரத்தை எடுக்க முடியுமா, சொல்.

குரலை நீ கணக்கிலேயே எடுக்கவில்லை. பீட்டில்ஸின் ‘பிகாஸ்’ பாட்டை ஹெட்போனில் கேள். லெனன், மெக்கார்ட்னி, ஜார்ஜ் மூவரும் சேர்ந்து பாடி, அதன்மேல் இன்னும் இரண்டு முறை பாடிப் பதித்தது. ஒன்பது குரல். மூன்றாமவர் போயிருந்தால் அந்தக் கட்டடமே எழும்பியிருக்காது.

12-ஆம் தேதி டிரம்ஸ்காரர் ரிங்கோ வீட்டில் கூடிப் பேசியதும் சரிப்படவில்லை. மறுநாள் திங்கட்கிழமைக் காட்சியை பீட்டர் ஜாக்சன் 2021-இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் நீயும் பார்த்திருப்பாய். ஜார்ஜ் இல்லை, லெனனும் வந்து சேரவில்லை. மெக்கார்ட்னியும் ரிங்கோவும் மட்டும். இனி இரண்டே பேர் என்று சொல்லிவிட்டு மெக்கார்ட்னி பேச்சை நிறுத்துகிறார், கண் கலங்குகிறது. எனக்கு அந்தப் படத்திலேயே முக்கியமான இடம் அதுதான். ஊரே மெச்சிய பாட்டுக்காரர், ஆள் போனால் கூட்டமே போய்விடும் என்று புரிந்துகொண்ட நேரம். பிறகு லெனன் வந்து இருவரும் கேண்டீனில் பேசியதை, பூந்தொட்டிக்குள் மைக்கை ஒளித்துவைத்துப் படக்குழு பதிவு செய்திருக்கிறது. ஜார்ஜின் புண்ணைச் சீழ்ப்பிடிக்க விட்டது நாம்தான், நேற்றுக்கூடக் கட்டுப்போட ஒரு துணி கொடுக்கவில்லை என்கிற மாதிரி லெனன் அதில் பேசுகிறார். கிளாப்டன் பேச்சு கோபத்தில் வந்தது. மனசில் இருந்தது இது.

15-ஆம் தேதி மறுபடி கூடியபோது ஜார்ஜ் வரச் சம்மதித்தார், ஆனால் நிபந்தனையோடு. டிவிக்கான மேடை நிகழ்ச்சி வேண்டாம், ட்விக்கன்ஹாம் வேண்டாம், லண்டன் சாவில் ரோவில், குழுவின் சொந்தக் கம்பெனியான ஆப்பிளின் அலுவலக அடித்தளத்துக்குப் போவோம் என்றார். கிடாரைவிட இந்த நிபந்தனைகள்தான் குழுவைக் காப்பாற்றின என்பேன். 22-ஆம் தேதி கீபோர்டு கலைஞர் பில்லி பிரெஸ்டனை உள்ளே அழைத்து வந்ததும் ஜார்ஜ்தான். அந்த மனிதர் எலக்ட்ரிக் பியானோவில் கை வைத்ததும் நாலு பேர் முகமும் மாறிவிட்டது. வெளி ஆள் முன்னால் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். எட்டாம் நாள், 30-ஆம் தேதி, அந்த அலுவலக மொட்டை மாடியில் 42 நிமிடக் கச்சேரி. ஜார்ஜ் வராமல் இருந்தால் அந்த அடித்தளமும் இல்லை, பில்லியும் இல்லை, மாடியும் இல்லை.

ஜார்ஜ் வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் வெளியே இருந்த அதே வாரம், ஜனவரி 17-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆல்பம் ‘யெல்லோ சப்மரீன்’. கார்ட்டூன் படத்துக்கான இசைத்தட்டு அது. ஒரு பக்கம் முழுக்க, குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் வாத்தியக் கோஷ்டி. பீட்டில்ஸின் கடைசி ஆல்பம் என்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம். மெக்கார்ட்னி இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்திருப்பார், லெனனுக்கு மனசு ஏற்கெனவே யோகோ பக்கம். ஆப்பிள் கணக்கு வழக்கு மட்டும் நாலு பேரையும் விட்டிருக்காது. 1970 டிசம்பர் 31-இல் குழுவின் கூட்டைக் கலைக்கச் சொல்லி மெக்கார்ட்னி போட்ட வழக்கை, ஒரு வருஷம் முன்பே யாராவது போட்டிருப்பார்கள்.

ஜார்ஜுக்கு அது லாபம்தானே என்று நீ கேட்பாய். கொஞ்சம் லாபம்தான். கிளம்பிப் போன அன்றே வீட்டில் ‘வா-வா’ பாட்டை எழுதினார். பிப்ரவரி 25, தன் 26-ஆவது பிறந்தநாளில், தனியாக ஸ்டூடியோவில் உட்கார்ந்து ‘சம்திங்’ உட்பட மூன்று பாட்டுகளைப் பாடிப் பதித்தார். 1970 நவம்பரில் மூன்று தட்டுகளாக வந்த அவருடைய தனி ஆல்பம் முன்னாடியே வந்திருக்கும். ஆனால் ஜார்ஜின் ‘ஹியர் கம்ஸ் தி சன்’ பாட்டு எப்படிப் பிறந்தது என்று யோசி. 1969 வசந்தத்தில் ஆப்பிள் கூட்டம் ஒன்றுக்குப் போகாமல் நழுவி, கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உலாவும்போது எழுதியது. பீட்டில்ஸை விட்டிருந்தால் நழுவ ஒரு கூட்டமே இருந்திருக்காதே! ‘சம்திங்’ எப்படியும் வந்திருக்கும், மெக்கார்ட்னியின் அந்த பாஸ் கிடார் இல்லாமல். அந்த பாஸ் இல்லாத ‘சம்திங்’ எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. 1974-இல் ஜார்ஜ், சிதார் வித்வான் ரவி சங்கர் குழுவோடு அமெரிக்கா முழுக்கப் போனபோது, அதில் நம் டி.வி. கோபாலகிருஷ்ணன் மிருதங்கமும் எல். சுப்பிரமணியம் வயலினும் வாசித்தார்கள். உன் தம்பியிடம் சொல், மிருதங்கம் பிடிக்கிறவனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

1968 ஆகஸ்டில் ரிங்கோ போனாரே, அப்போது மெக்கார்ட்னியே டிரம்ஸ் வாசித்து இரண்டு பாட்டை முடிக்கவில்லையா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். முடித்தார்கள். ரிங்கோ வருவார் என்று எல்லோரும் நம்பினார்கள். வந்தபோது டிரம்ஸ் முழுக்கப் பூ அலங்காரம். ஜார்ஜ் விஷயத்தில் அந்த நம்பிக்கை யாருக்கும் இல்லை. எனக்கு உன்னிடம் தெரிய வேண்டியது வேறு: 1969 செப்டம்பரில் லெனன் போகிறேன் என்றபோது ஏன் யாரும் மல்லுக்கட்டிக் கூட்டி வரவில்லை? எனக்கு ஒரு பதில் இருக்கிறது. முதலில் நீ எழுது.

மாசிக் கடைசியில் மதுரை வருகிறோம். உன் வீட்டில்தான் தங்கல், அக்காவிடம் சொல்லிவை.

அன்புடன்,
சந்திரன்