அந்தப் பத்தொன்பது நாள் வட்டி

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஏற்காட்டு மலையிலிருந்து உங்களிடம் நகைக்கடன் வாங்கியிருக்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சேலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வயிற்றெரிச்சல்.

சங்கத்தின் மூன்று கம்ப்யூட்டரும் ஒரே மத்தியானத்தில் வைரஸால் பூட்டிக்கொண்டதும், திரையில் பணம் கேட்டு மிரட்டல் வந்ததும் உங்களுக்கே தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருந்தோம். அடகிலிருந்த மூன்று பவுன் சங்கிலியை மீட்க, மிளகு விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு அக்கா 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தாள். பஸ் ஏறினாலே குமட்டும் அவளுக்கு. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். நான்கு முறை. நான்கு முறையும் "சிஸ்டம் வேலை செய்யலம்மா, அடுத்த வாரம் வாங்க." சங்கிலி பத்தடி தள்ளி இரும்புப் பெட்டகத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. பிள்ளை பக்கத்து வீட்டுச் சங்கிலியோடு மணையில் உட்கார்ந்தாள். சீர்த்தட்டு எடுத்துப்போன தாய்மாமன் நான், சபையில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் நகை கைக்கு வந்தபோது, அந்தப் பத்தொன்பது நாளுக்கும் சேர்த்து வட்டி பிடித்திருந்தீர்கள்.

"எங்கிருந்தோ வந்த வைரஸ், நாங்க என்ன பண்றது" என்கிறீர்கள். அய்யா, உங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்தது விண்டோஸ் 7. மைக்ரோசாப்ட் அதை 2020 ஜனவரி 14-லேயே கைகழுவிவிட்டது. அதற்கு முன் வந்த அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருந்தீர்கள், பாஸ்புக் பிரிண்டர் மக்கர் பண்ணும் என்று. பண்ணும்தான், நானும் பார்த்திருக்கிறேன். பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றிப் போட அரை மணி நேரம் ஆகும்.

2017 மே 12-இல் வான்னாக்ரை என்ற, இதே மாதிரி கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகத்தையே உலுக்கியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்ச், அதாவது அப்டேட், மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. மாதாமாதம் இரண்டாவது செவ்வாய், நமக்கு ராத்திரி ஆன பிறகு, மைக்ரோசாப்ட் பேட்ச் வெளியிடுகிறது. எந்த ஓட்டை வழியாகத் திருடன் ஏற்கெனவே நுழைந்துகொண்டிருக்கிறான் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுகிறது. பேட்ச் வந்த அன்றைக்கே ஓட்டை இருக்கும் இடம் மற்ற திருடர்களுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் தள்ளிப்போட்டால் எப்படி? அப்டேட்டைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நகைப் பெட்டகத்துக்கு இரட்டைச் சாவி, ஆளுக்கொன்று. வாசலில் கேமரா. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், கீபோர்டு மேல் பொரிகடலை. குங்குமத்தைப் பார்த்து வைரஸ் திரும்பிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாஸ்வேர்டை எழுதி அதே மானிட்டரில் ஒட்டி வைத்திருப்பதைப் பற்றி... வேண்டாம், மன்னிக்கவும். கேட்க வந்தது வேறு.

போன வாரம் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றபடியே பார்த்தேன். சரிசெய்து வந்த மூன்றிலும் திரும்ப அதே விண்டோஸ் 7. செயலாளர் மேசையில் இருக்கும் புதியதில் 'மறுதொடக்கம் தேவை' என்று அறிவிப்பு நிற்கிறது. இதைப் பார்த்துத்தான் இந்த மடல்.

பழைய மூன்றையும் மாற்றுங்கள். புதியதில் வருகிற அப்டேட்டை வந்த வாரமே போடுங்கள். அந்தப் பத்தொன்பது நாள் வட்டியை, எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, அலைந்த எல்லோருக்கும் திருப்பித் தாருங்கள். பணிவாகவே கேட்கிறேன்.

அக்காவின் ரசீது நகல் இத்துடன் இருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய் கழிந்து புதன்கிழமை காலை நானே வருகிறேன். கூலி வேண்டாம், பிரிண்டரையும் பார்த்துத் தருகிறேன். அதுவரை அந்த அறிவிப்பில் 'பிறகு நினைவூட்டு' என்பதை மட்டும் யாரும் அழுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினன்