ஆண்டு விழாவுக்கு மட்டுமா ஆட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழலையர் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி போதவில்லை என்று வாசகர் ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். பெங்களூரு அல்சூரில் எல்.கே.ஜி. வகுப்பு எடுக்கும் என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. எங்கள் பிள்ளைகளுக்குப் போதாமல் இருப்பது ஆட்டமும் பாட்டும்தான்.

மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் சில, நான்கு வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். தோளும் முதுகும் வலுப்படாத பிள்ளை பென்சிலை இறுக்கிப் பிடித்து அழுத்துகிறது. முனை ஒடிகிறது, தாள் கிழிகிறது. உடனே பெற்றோர் இன்னொரு நான்கு வரி நோட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். கையை வீசி, தட்டி, தவழ்ந்து, தொங்கி விளையாடினால் அந்தப் பிடி தானாகவே திருந்தி வரும்.

கோலாட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நாளிதழை இறுகச் சுருட்டி டேப் ஒட்டினால் கோல் தயார். வலக்கைக் கோலை உடலின் குறுக்கே கொண்டுபோய், எதிரில் நிற்கும் பிள்ளையின் கோலில் தாளம் தப்பாமல் தட்ட வேண்டும். கண்ணும் காதும் கையும் ஒன்றுகூடினால்தான் அது நடக்கும். தொடக்கத்தில் கோல்கள் காற்றைத்தான் அடிக்கும். பிறகு ஒருநாள் எல்லாம் சேர்ந்து 'டக்' என்று விழும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! தமிழ், கன்னடம், உருது என்று வீட்டு மொழி எதுவானாலும் எல்லாப் பிள்ளைகளும் இதில் சேர்ந்துகொள்கிறார்கள்.

எழுத்துக்கும் இது துணை செய்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'பல்' என்றால் ஒரு கைதட்டு, 'பால்' என்றால் கைகளை அகல விரித்தல். இப்படி ஆடிப் பழகிய பிள்ளைகள் பின்னர் துணைக்கால் போடும்போது அவ்வளவாகத் தடுமாறுவதில்லை.

3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது ஓட்டமும் குதிப்புமாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அடுக்குமாடி வீடு, பள்ளி வேன், பெஞ்சு என்று நாள் கழியும் நகரத்துப் பிள்ளைக்கு இது எங்கே கிடைக்கும்?

ஆண்டு விழாவில்தான் நடனம் இருக்கிறதே என்பார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வாரக்கணக்கில் ஒரே பாட்டுக்கு ஒத்திகை நடக்கிறது. நன்றாக ஆடுகிறவர்கள் முன்வரிசையில். தடுமாறுகிறவர்களுக்கு மரம் வேடம். யாருக்கு அசைவு மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளையை அசையாமல் நிறுத்திவைப்பது எந்த வகையில் நியாயம்?

தினமும் காலையில் 20 நிமிடம், பார்வையாளர் இல்லாமல், எல்லாப் பிள்ளைகளும் ஆடட்டும். ஒரு கஞ்சிராவும் ஆசிரியையின் குரலும் போதும். கும்மி தெரிந்த பாட்டிமார்களைப் பள்ளிகள் வகுப்புக்கு அழைக்கலாம். சேர்க்கைப் படிவம் வாங்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: எத்தனை எழுத்து கற்றுத்தருவீர்கள் என்று கேட்கும்போதே, ஒரு நாளில் என் பிள்ளை எவ்வளவு நேரம் பெஞ்சை விட்டு எழுந்து ஆடும் என்றும் கேளுங்கள்.

மழலையர் பள்ளி ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு